ரசிகர்கள் மாட்டிவிட்ட முகமூடி

அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் நடத்திய வாசகர் வாக்கெடுப்பில், 1996ஆம் ஆண்டின் மிக மோசமான ஆல்பங்களில் மூன்றாவது இடம் வீஸர் என்ற ராக் இசைக்குழுவின் 'பிங்கர்ட்டன்' ஆல்பத்துக்குக் கிடைத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2004இல், அதே இதழ் அதே ஆல்பத்துக்கு ஐந்து நட்சத்திரம் அளித்துத் தன் சிறந்த ஆல்பங்களின் வரிசையில் சேர்த்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. கேட்டவர்கள் மாறியிருந்தார்கள். ஆனால், அந்த எட்டு ஆண்டுகளில் அதைப் பாடியவரும் மாறிவிட்டார் என்பதுதான் இந்தக் கதையின் துயரம். வீஸர் என்றாலே நையாண்டிக் குழு, எதையும் மனதாரச் சொல்லாத குழு, ரசிகர்களையே கிண்டல் செய்யும் குழு என்று முப்பது ஆண்டுகளாக ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. வீஸரின் நையாண்டியில் பாதி, கேட்டவர்களின் காதில் பிறந்தது. மீதிப் பாதி, முகம் காட்டியபோது அடிவாங்கிய ஒருவர் அதன் பிறகு அணிந்துகொண்டது. இரண்டிலும் ரசிகர்களின் பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பேசாமல் இந்தக் குழுவின் பாட்டைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து வைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். நம் மரபில் எள்ளல் என்றால் எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். பழி அவர்மேல் போக வேண்டும். 1990களின் அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் இசையில் புழங்கிய எள்ளல் வேறு தினுசு. அதில் பழிக்கப்படுபவர் யார் என்றே தெரியாது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த மாதமே, மே 10 அன்று, நிர்வாணாவின் ஆல்பங்களை வெளியிட்ட அதே டிஜிசி நிறுவனம் வீஸரின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. நீலப் பின்னணி, வரிசையாக நிற்கும் நான்கு சாதாரண இளைஞர்கள். 'நீல ஆல்பம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. உரத்த கோபமும் கிழிந்த உடையும் ராக் இசையின் அடையாளமாக இருந்த நேரத்தில், பள்ளிக்கூடத்தில் பின்வாங்கி நிற்கும் பிள்ளையைப் போன்ற தோற்றத்தில் கனமான கிதார் வாசித்த இவர்களைப் பார்த்ததும், இது ஏதோ வேடிக்கை என்றுதான் பலரும் முடிவு கட்டினார்கள்.

அந்த ஆல்பத்தின் முதல் சிங்கிள் 'அன்டன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் கிதார் ஒரு சிறு மெட்டைத் தந்தி தந்தியாக மீட்டிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் ஏதோ விருந்தில் இருவர் வெட்டியாகப் பேசிக்கொள்வது கேட்கிறது. பாடகர் வருகிறார், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு முணுமுணுப்பு. பிறகு எல்லாக் கிதார்களும் ஒரே நேரத்தில் இடிந்து விழுவதுபோல இறங்க, ஸ்வெட்டரின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் நான் முழுக்கப் பிரிந்துபோவேன் என்ற கருத்தில் பல்லவி வருகிறது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஸ்வெட்டரைப் பற்றி ஒரு ராக் பாட்டா என்று சிரித்தார்கள். இந்தப் பாட்டைச் சோகப் பாட்டாகவே எழுதினேன், எல்லோரும் இதை வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள் என்ற பொருளில் பாடகர் ரிவர்ஸ் குவோமோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் பாட்டின் கட்டமைப்பே அதைச் சொல்கிறது. சுற்றிலும் பேசிச் சிரிக்கும் கூட்டம், நடுவே வார்த்தை வராமல் நிற்கும் ஒருவன், அவன் உள்ளே இழை இழையாகப் பிரிந்துகொண்டிருக்கிறான். பாட்டின் கடைசியில் மெட்டே கலைந்து வெறும் சத்தமாகிவிடுகிறது. வேடிக்கைக்காகப் பாட்டுக் கட்டுபவர்கள் முடிவை இவ்வளவு பொறுமையாகச் சிதைப்பதில்லை.

அடுத்து வந்த 'பட்டி ஹாலி' பாட்டுக்கு இதைவிட மோசமான கதி நேர்ந்தது. தோழியைக் கேலி பேசும் நண்பர்களிடம் அவளுக்காகப் பரிந்துபேசும் ஒருவனின் பாட்டு அது. இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ் அதற்கு ஒரு வீடியோ எடுத்தார். 'ஹேப்பி டேஸ்' என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் உணவு விடுதிக்குள் குழுவை நிறுத்தி, தொடரின் பழைய காட்சிகளோடு வெட்டி ஒட்டினார். மிக அழகான வேலை. 1995இல் எம்டிவி விருதுகளில் நான்கை வென்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 95 குறுந்தகட்டில் இந்த வீடியோவைச் சேர்த்து அனுப்பியதால், ராக் இசையே கேட்டறியாத வீடுகளின் கணினிக்குள்ளும் வீஸர் நுழைந்தது. அன்று முதல் உலகத்துக்கு இவர்கள் பழைய காலத்து உடையில் நடித்துக்காட்டும் குறும்புக்காரர்கள். அதே ஆல்பத்தில் 'சே இட் எய்ன்ட் சோ' என்ற பாட்டும் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு பீர் பாட்டிலைப் பார்த்ததும், வீட்டைவிட்டுப் போன தந்தையின் நினைவும், வளர்ப்புத் தந்தையும் அப்படியே போய்விடுவாரோ என்ற அச்சமும் ஒரு பிள்ளையைக் கவ்வுவதுதான் பாட்டு. இடையில் ஓரிடத்தில் அது தந்தைக்கு எழுதும் கடிதமாகவே மாறி, பாடகரின் குரல் உடைகிறது. இதில் எங்கே இருக்கிறது நையாண்டி?

ரிவர்ஸின் பிள்ளைப் பருவத்தோடு நமக்கு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. தந்தை பிரிந்துபோன பிறகு அவருடைய தாய் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தது, கனெக்டிகட் மாநிலத்தில் சுவாமி சச்சிதானந்தர் நிறுவிய ஆசிரமத்தில். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து, அமெரிக்கா போய், 1969இல் வுட்ஸ்டாக் இசைத் திருவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய அதே சச்சிதானந்தர்தான். யோகமும் தியானமும் சூழ்ந்த அந்த இடத்திலிருந்து வெளியே வந்து, சாதாரண அமெரிக்கப் பள்ளியில் கிதாரைத் துணையாகப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஒருவர், உலகத்தைக் கொஞ்சம் வெளியே நின்று பார்ப்பதில் வியப்பில்லை. வெளியே நின்று பார்ப்பவரின் நேர்மையான பேச்சு, உள்ளே இருப்பவர்களுக்குப் பல நேரங்களில் கிண்டல்போலக் கேட்கும். வீஸருக்கு நேர்ந்தது அதுதான்.

ஆனால், எல்லா ரசிகர்களும் அப்படிக் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குழு பிரபலமாவதற்கு முன்பே, சிறு அரங்குகளில் வாசித்த நாட்களிலிருந்தே, அவர்களைப் பின்தொடர்ந்த இரண்டு சகோதரிகள் ரசிகர் மன்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். ரசிகர் மன்றம் என்றதும் நம் கண்முன் வரும் கட்அவுட்டும் தோரணமும் அங்கே இல்லை. வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, செய்திமடல் தயாரித்து அனுப்புவது, எங்கெங்கோ தனித்தனியாக இந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவது, இவைதான் மன்றத்தின் வேலை. அவர்கள் பெயரையே தலைப்பாக வைத்துக் குழு ஒரு பாட்டு எழுதியது. 1997 ஜூலையில், வீஸரின் சுற்றுப்பயணத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அவர்கள், தங்கள் இளைய சகோதரியோடு கொலராடோ மாநிலத்தில் சாலை விபத்தில் இறந்துபோனார்கள். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் அவர்களுக்காக அஞ்சலி இசை நிகழ்ச்சி நடந்தது. தன் ரசிகர்களைக் கேலிப்பொருளாகப் பார்க்கும் குழு, ரசிகர் மன்றத்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதிய இரண்டு பெண்களைப் பாட்டில் வைக்காது.

இனி 'பிங்கர்ட்டன்'. முதல் ஆல்பம் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோது, ரிவர்ஸ் 1995இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். பிறவியிலேயே ஒரு கால் குட்டையாக இருந்ததால், எலும்பை வெட்டி, வெளியே இரும்புச் சட்டம் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் அறுவைச் சிகிச்சையையும் அதே காலத்தில் செய்துகொண்டார். ஊன்றுகோலோடு, வலி மாத்திரையோடு, பெரும்பாலானோருக்குத் தான் யாரென்றே தெரியாத வளாகத்தில், மாசசூசெட்ஸ் குளிரில் எழுதிய பாட்டுகள் 1996 செப்டம்பரில் வெளியாயின. புச்சினியின் 'மடாம் பட்டர்ஃபிளை' இசை நாடகத்தில் ஜப்பானியப் பெண்ணைக் கைவிட்டுப் போகும் கடற்படை அதிகாரியின் பெயர்தான் தலைப்பு. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே வரைந்த, பனி பெய்யும் இரவின் மரச்செதுக்கு ஓவியம் அட்டையில். வெளித் தயாரிப்பாளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் குழுவே பதிவுசெய்தது. முதல் ஆல்பத்தில் தயாரிப்பாளர் ரிக் ஒகாசெக் சீராக இழைத்துக்கொடுத்த பளபளப்பு இதில் இல்லை. டிரம்ஸ் அறைந்துவிட்டு எதிரொலிக்கிறது, கிதார் சுருதி தள்ளாடுகிறது, பாடகர் சில இடங்களில் கத்துகிறார். பாட்டுகளில் அவர் சொல்வதெல்லாம் தன்னைப் பற்றிய, தனக்கே பெருமை தராத உண்மைகள்.

இந்தக் கட்டுரையின் மையமான ரசிகர் உறவை வீஸரே பாடிய பாட்டும் இதில்தான் இருக்கிறது. 'அக்ராஸ் த சீ' என்ற அந்தப் பாட்டு, ஜப்பானிலிருந்து ஓர் இளம் ரசிகை எழுதிய கடிதத்துக்குப் பதில். அவள் கேட்ட சின்னச் சின்னக் கேள்விகள் அப்படியே பாட்டுக்குள் வருகின்றன. இவர் அந்தக் கடிதத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எப்படி இருப்பாள், அவள் அறை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்கிறார். கடல் கடந்து ஒருத்தி தன்னைப் புரிந்துகொண்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. புகழ் வந்த பிறகு ரசிகர் என்ற உருவம் ஒரு கலைஞனுக்கு என்னவாகிறது என்பதை இவ்வளவு கூச்சமின்றிச் சொன்ன பாட்டு ராக் இசையில் மிகக் குறைவு. ரசிகைக்குப் பாடகர் தேவைப்பட்டதைவிட, பாடகருக்கு ரசிகை அதிகம் தேவைப்பட்டாள் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. இங்கே முகமூடியே கிடையாது.

அதற்கு என்ன கிடைத்தது என்பதை முதலிலேயே சொன்னேன். ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 19ஆம் இடத்தில் நுழைந்து, அங்கிருந்து சரிந்தது. 'பட்டி ஹாலி'யின் குறும்பை எதிர்பார்த்து வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பேஸ் கிதார் வாசித்த மேட் ஷார்ப் குழுவைவிட்டு விலகினார். ரிவர்ஸ், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விரைவுச் சாலையின் அடியில் இருந்த வீட்டுக்குள் அடைந்து, சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, வெளிச்சம் வராமல் சன்னல்களை மூடிக்கொண்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். நிர்வாணா, ஒயாசிஸ், கிரீன் டே போன்ற வெற்றிபெற்ற குழுக்களின் பாட்டுகளைப் பகுத்து, எந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு கோப்பில் குறித்துவைக்கத் தொடங்கினார். மனதைத் திறந்து அடிவாங்கிய ஆள், இனி இலக்கணப்படி எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டார். 2001இல் வந்த 'பச்சை ஆல்பம்' அந்த இலக்கணத்தின் விளைவு. மொத்தமே அரை மணி நேரத்துக்குக் குறைவு. மீண்டும் ஒகாசெக், மீண்டும் ஒரே வண்ணப் பின்னணியில் நான்கு பேர். கிதார் தனித்து வாசிக்கும் இடங்களைக் கவனியுங்கள்: பல பாட்டுகளில், பாடகர் அதுவரை பாடிய மெட்டையே கிதார் மறுபடி வாசிக்கிறது, ஒரு சறுக்கலும் இல்லை, ஒரு பிசிறும் இல்லை. சிறு வயதில் மெட்டல் இசையில் ஊறி, விரல் பறக்க வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே தன் கையைக் கட்டிக்கொண்ட சத்தம் அது. ஆல்பம் நான்காம் இடத்தில் நுழைந்து வெற்றி பெற்றது. 'பிங்கர்ட்டன்' தனக்கு அவமானமான தவறு என்று அந்த ஆண்டில் பேட்டிகளில் அவரே பேசினார்.

அதே நேரத்தில்தான் காலம் திரும்பியிருந்தது. குழு அமைதியாக இருந்த ஆண்டுகளில் 'பிங்கர்ட்டன்' கைக்குக் கை மாறி, இணையம் வழியாகப் பரவி, ஒரு புதிய தலைமுறைக்கு மனப்பாடமாகியிருந்தது. பின்னர் ஈமோ என்று பெயர்பெற்ற இசையின் பல குழுக்களுக்கு அதுதான் முன்மாதிரி. ஆக, 2001இல் நிலைமை இது: ரசிகர்கள் ரிவர்ஸிடம் 'உன் காயத்தைத் திரும்பக் காட்டு' என்கிறார்கள், அவரோ காயத்துக்குக் கட்டுப்போட்டு, கட்டின்மேல் சட்டையும் போட்டுக்கொண்டு நிற்கிறார். அப்போதிருந்து அவர் எழுதிய ஒவ்வொரு எளிய பாட்டையும், இவர் எங்களைக் கிண்டல் செய்கிறார் என்று அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2005இல் வந்த 'பெவர்லி ஹில்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் போன இவர்களின் முதல் பாட்டு. பணக்காரர்கள் வாழும் அந்த இடத்தில் நானும் வாழ வேண்டும், ஆனால் நான் அதற்குப் பொருந்தாதவன் என்பதுதான் பாட்டு. நட்சத்திர வாழ்க்கையைப் பற்றிய நையாண்டி என்றே விமர்சகர்கள் எழுதினார்கள். உண்மையாகவே ஆசைப்பட்டு எழுதினேன் என்று அவர் சொன்னதை நம்ப யாரும் தயாராக இல்லை. முகமூடியைக் கழற்றினாலும், கழற்றிய முகத்தையும் முகமூடி என்றே உலகம் வாசித்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை ஒதுக்க முடியாது. 'பிங்கர்ட்டன்' தோற்றதற்கு ரசிகர்களின் கொடுமை மட்டும் காரணமா? அந்த ஆல்பத்தில் பெண்களைப் பற்றிய பார்வை, குறிப்பாக ஆசியப் பெண்களைக் கனவுப் பொம்மைகளாகப் பார்க்கும் பார்வை, அன்றைக்கும் நெருடல், இன்றைக்கு இன்னும் நெருடல். கடிதம் எழுதிய இளம்பெண்ணைப் பற்றி அந்தப் பாட்டில் வரும் சில கற்பனைகள் கேட்பவரைச் சங்கடப்படுத்துகின்றன, படுத்தத்தான் வேண்டும். அந்தச் சங்கடத்தை உணர்ந்து ஒருவர் ஆல்பத்தை மூடிவைத்திருந்தால் அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால், தலைப்பைக் கவனிக்க வேண்டும். பெண்ணை ஏமாற்றிக் கைவிட்ட ஒருவனின் பெயரைத் தன் ஆல்பத்துக்குச் சூட்டியவர், தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று பெரும்பாலானோர் ஆல்பத்தை ஒதுக்கியது இந்த அறக் காரணத்துக்காகவும் இல்லை. கரடுமுரடாக இருக்கிறது, முந்தையதுபோல வேடிக்கையாக இல்லை என்பதே அவர்களின் குறை. பின்னர் அதைக் கொண்டாடியவர்களில் பலரும் இந்த நெருடலைப் பேசியதில்லை. ஒதுக்கியபோதும் கொண்டாடியபோதும் அவர்கள் பார்த்தது தங்கள் தேவையைத்தான்.

ரசிகர்கள் சொல்வதைக் கேட்டு நடந்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதையும் வீஸர் முயன்று பார்த்துவிட்டது. 2002இல் 'மேலட்ராய்ட்' ஆல்பத்தை உருவாக்கும்போது, ஒத்திகைப் பதிவுகளை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றி, எது நன்றாக இருக்கிறது, எதை மாற்றலாம் என்று ரசிகர்களிடமே ரிவர்ஸ் கேட்டார். அவர்களோடு நேரடியாக வாதாடினார். ஆல்பத்தின் தலைப்பே ஒரு ரசிகர் சொன்னது. ராக் இசையில் இவ்வளவு பெரிய குழு இப்படிச் செய்தது அப்போது புதுமை. அதன் விளைவாகக் கிடைத்தது ஒரு நல்ல கிதார் ஆல்பம். நான் அதை மதிக்கிறேன். ஆனால், ரசிகர்களுக்குத் திருப்தி வரவில்லை, அவருக்கும் வரவில்லை. காரணம் எளிது. ரசிகர்கள் கேட்டது 'பிங்கர்ட்டன்' தந்த அதிர்ச்சியை. தான் என்ன கேட்கப்போகிறோம் என்று தெரியாமல் இருப்பவருக்குத்தான் அதிர்ச்சி வரும். கேட்டு வாங்கினால் வராது. 2014இல் வெளியான 'பேக் டு த ஷேக்' பாட்டு, ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டபடியே தொடங்குகிறது. பழைய இடத்துக்கே திரும்புகிறேன் என்கிறது. அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு, எல்லோரையும் மகிழ்விக்க முயன்று தலைக்குமேல் போய்விட்டது, இனி முடியாது என்று வெடிக்கிறது. முரண்பாடு என்று இதைச் சிலர் சொன்னார்கள். நாற்பதைக் கடந்த ஒரு கலைஞரின் மனநிலை இதுதான், இரண்டும் உண்மை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மன்னிப்பும் எரிச்சலும் ஒரே ஆளிடம், ஒரே வாரத்தில்கூட, இருக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. பணம் கொடுத்து ஆல்பம் வாங்குகிறவருக்கு, மோசமானதை மோசம் என்று சொல்ல உரிமை இல்லையா? இருக்கிறது. 2009இல் வந்த 'ராடிட்யூட்' ஆல்பத்தை எந்தப் பாசத்தோடும் என்னால் தாங்கிப்பிடிக்க முடியாது. வயதுக்குப் பொருந்தாத கொண்டாட்டம், இரவல் மெட்டுகள், அவசர வேலை. கலைஞன் காயப்பட்டவன் என்பதற்காக அவனுடைய சோம்பலையும் கலை என்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால், தீர்ப்புச் சொல்வது வேறு, உத்தரவு போடுவது வேறு. 2010இல் ஓர் அமெரிக்க ரசிகர், வீஸர் கலைந்துபோவதற்காக ஒரு கோடி டாலர் திரட்டும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வோர் ஆல்பம் வரும்போதும் இந்த முறையாவது நன்றாக இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறோம், போதும் என்பது அவருடைய வாதம். இரண்டு கோடி கொடுத்தால் இன்னும் சிறப்பாகக் கலைந்துகாட்டுகிறோம் என்று டிரம்ஸ் வாசிக்கும் பேட்ரிக் வில்சன் பதில் சொன்னார். பலரும் சிரித்தார்கள். எனக்கு அந்த இயக்கத்தில் சிரிப்புக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் இருக்கலாம். பழைய ஆல்பம் அலமாரியிலேயே இருக்கிறது, அதை யாரும் பறித்துக்கொள்ளவில்லை. பிடித்திருந்த ஒன்றைக் கொடுத்தவரிடம், அதற்குப் பிறகு நீ பாடவே கூடாது என்று சொல்லும் அன்பு, அன்பின் பெயரில் நடக்கும் உரிமை கொண்டாடல். அதே ஆண்டின் இறுதியில், குழு ஊர் ஊராகப் போய் முதல் இரண்டு ஆல்பங்களையும் முழுமையாக வாசித்தது. 'பிங்கர்ட்டன்' பாட்டுகள் ஒவ்வொன்றையும் அரங்கம் முழுதும் கூடவே பாடியது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு கிடைத்திருக்க வேண்டிய பதில்.

வீஸர் எப்போதுமே விளையாடியதில்லை என்று நான் வாதாடவில்லை. 2010இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் நடிகரின் சிரித்த முகத்தை அட்டையில் போட்டு, அவருடைய கதாபாத்திரத்தின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தவர்கள் இவர்கள். வணிக வெற்றிக்கேற்ற பாட்டாக எழுது என்று இசை நிறுவனத்தார் நெருக்கியதற்குப் பதிலாகப் பிறந்தது 'போர்க் அண்ட் பீன்ஸ்'. அதன் வீடியோவில், இணையத்தில் ஊரே கேலி செய்த சாதாரண மனிதர்களை வரவழைத்து, அவர்களைக் கௌரவமாகப் பாடவும் ஆடவும் வைத்தார்கள். அதற்கு கிராமி விருது கிடைத்தது. இந்த விளையாட்டுகளில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கேலிக்கு ஆளானவர்கள் பக்கம்தான் இவர்கள் எப்போதும் நிற்கிறார்கள். 'பட்டி ஹாலி'யில் நண்பர்கள் கேலி செய்த தோழி. இங்கே உலகம் கேலி செய்த மனிதர்கள். வலியவரோடு சேர்ந்து எளியவரைப் பார்த்துச் சிரித்த ஒரு பாட்டையும் நான் இவர்களிடம் கேட்டதில்லை.

2017 டிசம்பரில் ஓர் அமெரிக்கப் பதின்வயதுப் பெண், டோட்டோ குழு 1982இல் வெளியிட்ட 'ஆப்பிரிக்கா' பாட்டை வீஸர் பாட வேண்டும் என்று ட்விட்டரில் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாதக்கணக்கில் விடவில்லை. 2018 மே மாதம் வீஸர் முதலில் டோட்டோவின் வேறொரு பாட்டான 'ரோசன்னா'வைப் பாடி வெளியிட்டது. சில நாட்கள் கழித்து 'ஆப்பிரிக்கா'வும் வந்தது. ஆல்டர்நேட்டிவ் பாட்டுகளுக்கான பில்போர்டு பட்டியலில் அது முதலிடத்துக்குப் போனது. பத்தாண்டுகளுக்குப் பிறகு இவர்களுக்குக் கிடைத்த முதலிடம். இது வெறும் இணையக் கூத்து என்று எழுதியவர்கள் பாட்டைக் கேட்டிருந்தால் நல்லது. அதில் ஒரு கண்சிமிட்டலும் இல்லை. மெட்டை மாற்றவில்லை, குரலைக் கோணலாக்கவில்லை, மூலப் பாட்டைப் பாடியவர்கள் முகம் சுளிக்க ஓரிடம் இல்லை. ஒரு பள்ளி வயதுப் பெண் ஆசையாகக் கேட்டதை, அவள் ஆசையை மதித்து, நேராகப் பாடிக் கொடுத்தார்கள். டோட்டோவும் பதிலுக்கு வீஸரின் பாட்டு ஒன்றைப் பாடியது.

'ஆப்பிரிக்கா' ஏன் கைகூடியது, 'மேலட்ராய்ட்' ஏன் முழுதாகக் கைகூடவில்லை என்பதில்தான் என் வாதம் நிற்கிறது. அந்தப் பெண் ரிவர்ஸின் மனதைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. நீ முன்புபோல ஏன் இல்லை என்று கேட்கவில்லை. சேர்ந்து மகிழ ஒன்றைக் கேட்டாள். அப்படிக் கேட்டபோதெல்லாம் வீஸர் கொடுத்திருக்கிறது. 2008இல் ரசிகர்கள் தங்கள் வாத்தியங்களோடு வந்து குழுவோடு சேர்ந்து வாசித்த நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். அதே ஆண்டில் ரிவர்ஸ் யூடியூபில் தோன்றி, தலைப்பு முதல் மெட்டு வரை ஒவ்வொரு படியிலும் ரசிகர்கள் அனுப்பியதைச் சேர்த்து ஒரு பாட்டை உருவாக்கினார்; குழு அதைப் பதிவுசெய்து வெளியிட்டது. 2020இல், ஹார்வர்டு நடத்தும் இணையவழிக் கணினிப் படிப்பில் சேர்ந்து, பாடத்தின் இறுதிச் செயல்திட்டமாக ஒரு தளத்தைத் தானே எழுதி, தன் வாழ்நாளின் முடிவுறாத பாட்டுகளை ஆயிரக்கணக்கில் அதில் விற்பனைக்கு வைத்தார். தோற்றவை, பாதியில் விட்டவை, அரைகுறை முனகல்கள் என எல்லாம் அங்கே இருந்தன. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மனதைத் திறந்ததற்கு அடிவாங்கிய அதே ஆள். கேட்க விரும்புகிறவர் வந்து கேட்கட்டும் என்று வைத்தார். யாரும் கட்டாயப்படுத்தித் திறந்த கதவல்ல அது. 'பிங்கர்ட்டன்' துணிச்சலான, உண்மையான ஆல்பம் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 2016இல் அமெரிக்காவில் அதன் விற்பனை பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றைப் பெற்றது. வெளியாகி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீஸரைக் கேட்டறியாத தமிழ் வாசகர்கள் பலர் இருப்பார்கள். அவர்களிடமும், ஏற்கெனவே கேட்டுச் சிரித்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'அன்டன்' ஐந்து நிமிடப் பாட்டு. வீடியோவைப் பார்க்காமல், காதில் மட்டும் வாங்கிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். தொடக்கத்தில் வரும் விருந்துப் பேச்சை விட்டுவிட்டு, அதன் அடியில் நிற்காமல் ஒலிக்கும் அந்த ஒற்றைக் கிதாரைப் பின்தொடருங்கள். அது சோகப் பாட்டு என்று எழுதியவர் சொல்லியிருக்கிறார். இந்த முறை அவர் சொன்னதை நம்பிக் கேளுங்கள்.